ஒன்றரை வாக்கு மண்டபம்

வெஸ்ட் கார்னி, பென்சில்வேனியா
1983 ஆகஸ்ட் 9

மாண்புமிகு பெர்னடெட் கோலெஸார் அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் (அதாவது உனக்கு) அறிவிப்பது என்னவென்றால்: நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் வீட்டு நிலவறையில் இயங்கும் நமது பேஸ்பால் புகழ் மண்டபத்தில், நிரந்தர உறுப்பினர் ஆர்வல் டீக்கின் இடது காதை எலி தின்றுவிட்டது. அட்டைப் படத்தில் மிச்சமிருக்கும் வலது காதும் மீசையும் நலம். மண்டபத்தின் தலைமைக் காவலரும் துணைக் காவலரும் கூட்டிப் பெருக்குபவரும் ஆகிய நான், தொப்பியைக் கழற்றி அரை நிமிடம் மௌனம் காத்தேன். எலி காக்கவில்லை.

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். பதினோரு வருடம் மாற்றுக் கேட்சராகவே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஒரு நாள்கூடக் கால் கவசத்தைக் கழற்றாமல் காத்திருந்த மனிதரை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததே நீதான். நாட்டுக்கே பொதுவான பெரிய புகழ் மண்டபக்காரர்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தானே நாம் சொந்தமாக ஒன்று கட்டினோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அது சின்னது. செப்டம்பர் முப்பதாம் தேதியோடு நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். கிளீவ்லாந்தில் பெரியம்மா வீட்டு மாடி. அப்பா இன்னும், "ஆலை திறந்துடுவாங்கடா, பாத்துக்கிட்டே இரு" என்கிறார். மூடிக் கிடக்கும் ஆலையின் வாசல் பூட்டே துருப்பிடித்துவிட்டது. திறப்பதென்றால் முதலில் அதற்கு ஒரு ஆலை வேண்டும். அண்ணன் லியோ மளிகைக் கடையில் லாரி இறக்குகிறான். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பாலாடைக்கட்டி ஒன்று ஐந்து ராத்தல் எடையில் மேசை மேல் குந்தியிருக்கிறது. காலையில் அதையே ரொட்டிக்குள் வைக்கிறோம், மதியம் ரொட்டியை அதற்குள் வைக்கிறோம்.

ஆக, மண்டபம் கலைகிறது. அதற்கு முன் கடைசித் தேர்தல். ஹூஸ்டன் வெயிலில் மூளை உருகியிருக்கும் என்பதால் விதிகளை நினைவூட்டுகிறேன். முக்கால்வாசி வாக்கு வேண்டும். நாம் இரண்டு பேர், இரண்டில் முக்கால்வாசி ஒன்றரைப் பேர். அரை ஆள் ஊரில் கிடைக்காததால் இருவருமே கை தூக்கியாக வேண்டும். செய்த காரியம் நம் கண்ணால் கண்டதாகவோ காதால் கேட்டதாகவோ எழுத்தில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு இடமில்லை.

என் வேட்பாளர் பட் லோமாக்ஸ். ஒரே ஆட்டத்தில் நடுவரிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டவர். கேட்டது வானொலியில் எனக்கே கேட்டது.

என் தகுதியைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். நம் ஆலை அணியான உலைக்காரர்களுக்கு மூன்று கோடை ஸ்கோர் எழுதியவன் நான். ஒரு பந்துகூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை. அதே கையால் ஃபாதர் மதூஷின் இரண்டு ஷூ கயிறுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஏழாவது இன்னிங்ஸ் பாதியில் வழக்கப்படி ஊரே சோம்பல் முறிக்க எழுந்தபோது அவரை மட்டும் படுக்கவைத்தவனும் நான்தான். கடமை ஒரு கண், கலை ஒரு கண்.

உன் வாக்கை உடனே அனுப்பு.

ஸிக்கி டுடாஷ்
(தலைமை, துணை, துடைப்பம்)


ஹூஸ்டன், டெக்சஸ்
1983 ஆகஸ்ட் 27

ஸிக்கிக்கு,

உன் கடிதம் புயலுக்கு முதல் நாள் வந்தது. ஒரு வாரம் மின்சாரம் இல்லை. பிறகு மின்சாரம் வந்தது, எழுதத் தெம்பு வரவில்லை.

வீடு போவது சின்னச் செய்தி இல்லை. அதைச் சின்னது என்று எழுதியதால்தான் உன்னைத் திட்டாமல் விடுகிறேன்.

ஊரை விட்டு இங்கே வந்து ஆறு மாதம் அலைந்தும் கிடைக்காத வேலையை அப்பாவுக்குப் புயல் வாங்கிக் கொடுத்துவிட்டது. நகரத்தில் பாதிக் கூரைகள் பிய்ந்து கிடக்கின்றன. கூரைத் தகட்டுக் கட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஏணி ஏறுகிறார். வலது தோள். எறிகிற தோள். இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் உப்பு எடுக்கக்கூட இடது கையை நீட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவார். அம்மா மண்டியிட்டுக் கழற்றுவாள். எங்கள் குடியிருப்பில் எங்களைப் போலவே வேலை தேடி வந்த மிச்சிகன்காரர்கள், ஒஹாயோக்காரர்கள் என்று பத்துக் குடும்பங்கள். எல்லா வீட்டிலும் இதே சத்தம்தான். பூட்ஸ் தரையில் விழுகிற சத்தம்.

போன வாரம் கீழ்வீட்டுப் பையன் ஒரு பந்தோடு வந்தான். "அங்கிள், உங்களுக்கு பேஸ்பால் ஆடத் தெரியுமா?" என்று கேட்டான்.

அப்பா அவனைப் பார்த்தார். பந்தையும் பார்த்தார். "இல்லப்பா. நான் ஆடினதே இல்ல" என்றார்.

பதினெட்டு வருடம் உலைக்காரர்களுக்குப் பந்து எறிந்த மனிதர், ஸிக்கி. அலுப்பில் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நிஜமாகவே ஆடாதவர் மாதிரி இருந்தது.

என் வேட்பாளர் ஒருவர்தான். எமில் கோலெஸார், பிட்சர். அக்டோபர் இரண்டாம் தேதி அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. ஒரு தாளில் நம் இருவர் கையெழுத்தும் இருந்தால் போதும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பேன். ஏதாவது ஒரு தாளில் அவர் ஆடினார் என்று எழுதியிருக்க வேண்டும்.

லோமாக்ஸுக்கு என் வாக்கு உண்டு. டீக்கின் காதுக்கு அனுதாபம்.

பெர்னி


வெஸ்ட் கார்னி
1983 செப்டம்பர் 3

பெர்னி அம்மணிக்கு,

மனு பரிசீலிக்கப்பட்டது. பரிசீலித்த மண்டபத்தார் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு நிராகரித்தார்.

கோபப்படாதே. சொந்தக்காரர்களுக்கு இடமில்லை என்ற விதியைப் போட்ட புண்ணியவதி யார்? நான் லியோவை முன்மொழிந்தபோது, "உங்க அண்ணனெல்லாம் ஒரு ஆளுன்னு வந்துட்டியா? அவன் பந்தைப் பிடிக்கிறதவிடப் பந்து அவனைப் பிடிச்சதுதான் அதிகம்!" என்று கத்தி, நிலக்கரித் துண்டால் சுவரில் எழுதினாயே. எழுத்து இன்னும் இருக்கிறது. எலிகூட அதைத் தொடவில்லை.

சரி, சொந்தத்தை விடு, சாதனையைப் பார்ப்போம். உன் அப்பாவின் சிறந்த ஆட்டம் 1980 ஜூலை 12, கண்ணாடி ஆலைக்காரர்களுக்கு எதிராக. புத்தகம் என் முன்னால் இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட். அந்த ஒன்றும் இல்லாதிருந்தால் அது ஹிட்டே கொடுக்காத அபூர்வ ஆட்டம். எங்கள் அம்மாவின் தட்டையெல்லாம் தட்டி மேளம் அடித்து உள்ளே அழைத்திருப்பேன். ஆனால் இருக்கிறதே! ஏழாவது இன்னிங்ஸில் பந்து ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பு இடத்தில் நின்ற லியோ பக்கம் போனது. பிடித்திருக்க வேண்டிய பந்தை அவன் கோட்டைவிட்டிருந்தால் அது எர்ரர், பழி லியோவுக்கு. யார் நின்றிருந்தாலும் எட்டாத பந்து என்றால் அது ஹிட், உன் அப்பா கணக்கு. எது என்று தீர்ப்புச் சொல்வது ஸ்கோர் எழுதுகிறவன். நான் ஹிட் என்று எழுதினேன். பார்த்ததை எழுதினேன், எழுதியதைப் பார்க்கிறேன். அம்மாவாக இருந்தாலும் எர்ரர் என்றால் எர்ரர்தான் போடுவேன்.

ஒரு ஹிட் ஆட்டங்கள் உலகத்தில் ஓராயிரம். எல்லோரையும் சேர்த்தால் நிலவறை போதாது, தெருவையே தோண்ட வேண்டும். அப்புறம் உன் அப்பாவே கூரையை விட்டுவிட்டுக் குழி வேலைக்கு வர வேண்டியிருக்கும்.

பட் லோமாக்ஸ் நேற்று முறைப்படி கொடிக் கயிற்றில் துணிக்கவ்வியால் மாட்டப்பட்டார்.

ஸிக்கி


ஹூஸ்டன்
1983 செப்டம்பர் 10

ஸிக்கி,

குழி வேலை என்று எழுதினாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்தேன். மிச்சத்தை அடுத்த நாள்தான் படித்தேன். எனக்குச் சண்டை போடக்கூட அலுப்பாக இருக்கிறது. அதனால் மெதுவாகவே கேட்கிறேன்.

அந்தப் பந்து லியோவின் கையுறையில் பட்டது என்று அணியில் எல்லோரும் அன்றைக்கே முணுமுணுத்தார்கள். நான் மைதான ஓரத்தில் எங்கள் பியரோகிக் கொழுக்கட்டைக் கடையில் அம்மாவோடு மாவு உருட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. பார்த்தவன் நீ. உன் அண்ணன் பெயருக்கு நேராக எர்ரர் விழக்கூடாது என்றுதானே ஹிட் போட்டாய்? இதை மூன்று வருடம் கேட்காமல் வைத்திருந்தேன், மண்டபம் உடைந்துவிடும் என்று. இப்போது எப்படியும் உடையத்தான் போகிறது.

நேற்று அப்பாவிடமும் கேட்டேன். சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தார்.

"அப்பா, கண்ணாடி ஆலைக்காரங்களோட ஆடினீங்களே, அந்த ஒரு பந்து. அது ஹிட்டா, எர்ரரா?"

"அது எதுக்கும்மா இப்போ?"

"சும்மா சொல்லுங்க."

"ஸ்கோர் எழுதறவன் எழுதினதுதான் ஸ்கோர். விடும்மா."

விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சிரிக்க ஆரம்பித்தார். "ஃபாதர் மதூஷ் தொப்புன்னு விழுந்தாரே, அதுவும் அன்னிக்குத்தான். அந்தப் பையன் அன்னிக்கு ரொம்ப பிஸி" என்றார். தோள் குலுங்கிச் சிரித்ததில் வலி வந்து, ஆவென்று பிடித்துக்கொண்டார். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. இந்தக் கோடை முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். அதற்காக உனக்கு நன்றி. அதற்கு மட்டும்.

உன் வாக்கு வேண்டாம். டீக்கையும் மற்றவர்களையும் எலிக்கே கொடுத்துவிடு.

பெர்னடெட்


(அஞ்சலட்டை)
வெஸ்ட் கார்னி, செப்டம்பர் 14

தேர்தல் அதிகாரியின் அவசர அறிவிப்பு: வாக்குப் பெட்டியாகிய ஷூ பெட்டியில் அடிப்பக்கம் ஓட்டை. முடிவு தள்ளிவைக்கப்படுகிறது. லியோவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். மூன்று நாளாகக் கடையின் பின்வாசல் வரை போகிறேன். போய் முட்டைக்கோசு மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். முட்டைக்கோசு நலம். — ஸி.


ஹூஸ்டன், செப்டம்பர் 19

ஸிக்கி,

தபால்காரர் வரை எல்லோரும் படித்துவிட்ட அட்டை வந்து சேர்ந்தது. முட்டைக்கோசு நலம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு நாளை முதல் வேலை இல்லை. தோளைத் தூக்க முடியாதவர் கூரைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏதாவது சொல்வதாக இருந்தால் இரண்டாம் தேதிக்குள் சொல். அதற்கப்புறம் எழுதாதே.

பெ.


வெஸ்ட் கார்னி
1983 செப்டம்பர் 25

பெர்னி,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை.

லியோவிடம் கேட்டேன். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து மதிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே பாலாடைக்கட்டி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, கண்ணாடி ஆலை ஆட்டத்துல உன் பக்கம் ஒரு பந்து வந்துச்சே..."

"எர்ரர்" என்றான். நான் கேட்டே முடிக்கவில்லை.

"கையில பட்டுச்சா?"

"பட்டுச்சாவா? வந்து உக்காந்துச்சுடா. எந்திரிச்சுப் போயிடுச்சு. அப்புறம் நான் விழுந்து புரண்டு, பாயற மாதிரி ஒரு ஆக்டு குடுத்தேன். கேவலம்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லலன்னு யார் சொன்னா? இன்னிங்ஸ் முடிஞ்சதும் எமிலண்ணன்ட்ட நேராப் போனேன். 'அண்ணே, அது என் தப்பு. புத்தகத்த எட்டிப் பாத்தேன், ஹிட்டுன்னு எழுதிட்டான் நம்ம குட்டிப் பய, நான் போய் மாத்தச் சொல்றேன்'னேன். அவர் என் சட்டையப் பிடிச்சு நிறுத்திட்டாரு."

"ஏன்?"

லியோ ரொட்டியைத் திரும்ப மடித்தான். "பந்து எறியற மேட்டுலேர்ந்து பாத்தா ஸ்கோர் மேசை நல்லாத் தெரியும்டா. 'எறியறதுக்கு முன்னாடி பாத்தேன் லியோ, நாற்காலி காலி. இப்போ மாத்தினா அவன் அங்க இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். பன்னெண்டு வயசுப் பையன். விட்டுடு'ன்னார். அப்புறம் இந்த மூணு வருஷத்துல ஒருதடவகூட அதப்பத்திப் பேசல. நீயாச்சும் பேசுவன்னு பாத்தேன். நீ எங்கடா போயிருந்த?"

நான் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன், பெர்னி. ஃபாதர் மதூஷின் காலடியில். அவ்வளவு பக்தியாக இந்த ஊரில் ஒருவரும் அவர் காலடியில் கிடந்ததில்லை. இரண்டாவது முடிச்சை இறுக்கும்போது தலைக்கு மேல் எல்லோரும் "ஓ!" என்றார்கள். தவழ்ந்து மேசைக்கு வந்தேன். அடித்தவன் முதல் பேஸில் நின்றிருந்தான். லியோ தரையில் கிடந்தான். பாய்ந்தும் எட்டவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்து ஹிட் என்று எழுதினேன். பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே போயிருந்தாய் என்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லோரும் எழுந்தார்கள், ஃபாதர் விழுந்தார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ நினைத்த மாதிரி லியோவைக் காப்பாற்றவில்லை. அதுவாவது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டு, "ஹிட்டாடா, எர்ரராடா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டார்கள். அந்த ஒரு பந்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பென்சிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். "ஹிட்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். உன் அப்பா கூட்டத்துக்குள் கையை விட்டுப் புத்தகத்தை மூடினார். "பையன் எழுதிட்டான்ல. வாங்கய்யா, பீர் சூடாகுது" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இந்த மனிதர் எவ்வளவு நல்லவர், ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தேன்.

"அந்தப் பையன் அன்னிக்கு ரொம்ப பிஸி" என்று உன் கடிதத்தில் படித்த பிறகு எனக்கு ரொட்டி இறங்கவில்லை. பாலாடைக்கட்டியின் மேல் பழி போட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை.

ஸ்கோரை மாற்றுவதென்றால் ஒரு நாளைக்குள் மாற்ற வேண்டும் என்பது விதி. நான் மூன்று வருடம் தாமதம். ஆனால் ஆட்சேபிக்க அணியும் இல்லை, லீக்கும் இல்லை, ஆலையும் இல்லை. அதனால் மாற்றிவிட்டேன். பழைய குறியை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எர்ரர், ஷார்ட்ஸ்டாப் என்று எழுதியிருக்கிறேன். கீழே லியோ தானாகவே கையெழுத்துப் போட்டான். "நல்லா பெருசா போடு, மறைச்சதெல்லாம் போதும்" என்று சொல்லிக்கொண்டே போட்டான். உருளைக்கிழங்கு மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஃபாதர் மதூஷிடமும் போனேன், சாட்சிக்கு. அவர் கடைசி வரி வரை படித்தார். பிறகு என் ஷூவைப் பார்த்து, "கயிறு அவுந்திருக்கு பாரு" என்றார். குனிந்தேன். அவிழ்ந்திருக்கவில்லை. பிடரியில் ஒன்று வைத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். 1980 ஜூலை 12, எமில் கோலெஸார், ஒன்பது இன்னிங்ஸ், ஹிட் இல்லை. கீழ்வீட்டுப் பையன் மறுபடி வந்து கேட்டால், அப்பா பேச வேண்டாம், குளிர்பெட்டிக் கதவைக் காட்டினால் போதும்.

இன்னொரு தாள் வாக்குச் சீட்டு. சொந்தக்காரர் விதியை எடுப்பதற்கும் உன் அப்பாவைச் சேர்ப்பதற்கும் என் கையெழுத்து இருக்கிறது. சுவரில் நிலக்கரியில் இருந்ததை ஈரத் துணியால் துடைத்தேன். நீ எழுதும்போது ரொம்ப அழுத்தியிருக்கிறாய். உன் கையெழுத்தும் விழுந்தால் இரண்டு. தேவை ஒன்றரைதான், அரை மிச்சம். அதை எலிக்குக் கொடுத்துவிடலாம். டீக், லோமாக்ஸ் எல்லோரும் பிஸ்கட் டப்பாவில் ஏறி கிளீவ்லாந்து வருகிறார்கள். உன் அப்பாவின் பெயரை ஒரு அட்டையில் எழுதி, இன்று ஒரு நாளாவது இருக்கட்டும் என்று கயிற்றின் நடுவில் மாட்டியிருக்கிறேன். உன் வாக்கு வருவதற்குள் வீடு போய்விடும் என்பதால் முன்கூட்டியே மாட்டினேன். இது விதிமீறல்தான்.

இதை அவருக்குப் படித்துக் காட்டுவாயா, மாட்டாயா என்று தெரியவில்லை. படித்தால், எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல். நாற்காலி காலியாக இருந்ததை அவர் பார்த்தது எனக்கு இப்போது தெரியும் என்று.

அப்புறம், மூன்று கோடையில் ஒரு பந்துகூடத் தப்பியதில்லை என்று எழுதியிருந்தேனே. அதையும் திருத்திக்கொள். உங்கள் பியரோகி கடை ஸ்கோர் மேசைக்கு நாற்பது அடி பின்னால்தான் இருந்தது. நீ மாவு உருட்டிக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டாய், ஆட்டத்தின் நடுவே நான் வந்து நிற்கிற வரிசையில் பெரும்பாலும் எனக்கு முன்னால் நாலைந்து பேர் நிற்பார்கள்.

ஸிக்கி